பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் மருத்துவர்களின் சட்டக் கடமை

பிறந்தது முதல் 28 நாள் வரையுள்ள குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். தன் நோயைச் சொல்ல இயலாத இக்குழந்தைக்கு மருத்துவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதை இந்தியச் சட்டம் படிப்படியாகவே வரையறுத்தது.

வேலூரில் தொடக்கம்

வேலூர், ஆற்காடு, ஆம்பூர் ஆகிய ஊர்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆண் மருத்துவரிடம் பெண்களை அனுப்பத் தயங்கிய காலத்தில், பேறுகாலச் சாவுகள் மிகுந்திருந்தன. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததை அறிந்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் சிறு மருந்தகம் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின. அப்போது இப்பணியைத் தாங்கியது தொண்டுணர்வே. பாதிக்கப்பட்ட ஏழைக் குடும்பம் எளிதில் முறையிட வழியில்லை.

சட்டம் வளர்ந்த விதம்

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், சிகிச்சை பெறும் குழந்தையும் அதன் பெற்றோரும் நுகர்வோரே என்று நீதிமன்றம் கூறியது.

எழும்பூர் வழக்கு

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அவை பிறழ்ந்து வளர்ந்தால் பார்வை பறிபோகும். ஆக்சிஜன் சிகிச்சை இந்த ஆபத்தைக் கூட்டலாம். பிறந்த நான்காவது வாரத்திற்குள் கண்ணைப் பரிசோதித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இக்குழந்தைக்கு அப்பரிசோதனை செய்யப்படவில்லை. பெற்றோருக்கும் எச்சரிக்கை தரப்படவில்லை. குறை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. குழந்தை பார்வையிழந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், எதிர்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, இழப்பீட்டைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. மருத்துவர்களின் கவனக்குறைவுக்கு மாநில அரசும் பொறுப்பு என்றது.

விளைவு

தவறான ஊசி போடுவது மட்டுமன்று, செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்யாமலும் சொல்லாமலும் விடுவதும் கவனக்குறைவே என்பதை இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பிரசவம் முடிந்ததும், குழந்தை வீடு திரும்பியதும் கடமை தீர்ந்துவிடாது. ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தாய் ஒருத்தி குறைமாதக் குழந்தையுடன் வீடு திரும்பினால், கண் பரிசோதனைக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி விளக்குவது மருத்துவர் காட்டும் சலுகை அன்று, குழந்தைக்குரிய உரிமை.