கார் உட்புறத் தூய்மை: வெந்நீர் எக்ஸ்ட்ராக்டரைத் தேர்வு செய்வது எப்படி?

கார் இருக்கைகளிலும் தரைவிரிப்புகளிலும் படிந்த கறைகளை அகற்ற, எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய 'ஹீட்டட் கார்பெட் எக்ஸ்ட்ராக்டர்' இயந்திரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவை சூடான சோப்புக் கரைசலைத் துணி இழைகளுக்குள் பீய்ச்சி, அழுக்கு நீரை உடனே உறிஞ்சி எடுக்கின்றன.

வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது உறிஞ்சும் திறன். இருக்கையின் உட்பஞ்சில் ஈரம் தங்கினால் பூஞ்சையும் துர்நாற்றமும் உண்டாகும். மழைக்காலத்தில் இச்சிக்கல் மேலும் அதிகரிக்கும்.

அடுத்தது மின் இணைப்பு. இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால், அமெரிக்கப் பயன்பாட்டுக்கென 120 வோல்ட்டில் வடிவமைக்கப்பட்ட இயந்திரங்களை நேரடியாக இணைக்கக் கூடாது. 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கக்கூடியது சுமார் 1,380 வாட் மட்டுமே. மோட்டாரும் ஹீட்டரும் சேர்ந்து இந்த அளவைத் தாண்டினால் 16 ஆம்பியர் இணைப்பு அவசியம். ஈரத்தில் பணி நடைபெறுவதால், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீர் விரைவில் இளக்கும். ஆனால், ரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் வெப்பத்தால் இழைகளில் மேலும் இறுகிவிடும். எனவே, ஹீட்டரை மட்டும் தனியே நிறுத்தும் வசதி கொண்ட இயந்திரமே ஏற்றது.

கூரைத் துணியை ஒட்டியுள்ள பசை வெந்நீரால் விட்டுப்போகக்கூடும். இருக்கைகளுக்கு அடியில் உள்ள மின் இணைப்புகளிலும் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.