வராதவர்களின் கணக்கு: மாஸ்கோ 1980 ஹாக்கித் தங்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

1980 ஜூலை 29 அன்று மாஸ்கோவில் ஸ்பெயினை 4–3 என வென்று இந்திய ஆடவர் ஹாக்கி அணி பெற்ற தங்கம், ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு எட்டாவது தங்கம். இன்றுவரை கடைசித் தங்கமும் அதுவே. ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் அணித் தலைவர். இந்த வெற்றியைப் பற்றி எழுதுவோர் அதை ஒரு வரியில் சொல்லி, அடுத்த வரியிலேயே கழிவு போட்டுவிடுவது வழக்கமாகியிருக்கிறது. பாகிஸ்தான் வரவில்லை, மேற்கு ஜெர்மனி வரவில்லை, ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் வரவில்லை, ஆகவே தங்கம் தானாக வந்து சேர்ந்தது என்பது அந்த வாசிப்பு. இதைக் ‘கழிவு வாசிப்பு’ என்று இக்கட்டுரை குறிப்பிடும். விளையாட்டு வரலாற்றில் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நிலைத்துவிட்ட கருத்து இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை ஏற்க இயலாது.

உண்மையான பாதியை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிட வேண்டும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா முன்னெடுத்த மாஸ்கோ புறக்கணிப்பின் அறிவிப்புக்கு முன்பு, 1980 ஜனவரித் தொடக்கத்தில் கராச்சியில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் ஏழு அணிகள் ஆடின. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகியவை முதல் நான்கு இடங்களைப் பிடித்தன. இந்தியா ஐந்தாவது, ஸ்பெயின் ஏழாவது. அரை ஆண்டு கழித்து மாஸ்கோ இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றவை இந்த ஐந்தாவதும் ஏழாவதும்தான். பின்னோக்கிப் பார்த்தால் 1976 மாண்ட்ரியாலில் இந்தியா ஏழாம் இடம், 1978 உலகக் கோப்பையில் ஆறாம் இடம். முன்னோக்கிப் பார்த்தால் 1982 பம்பாய் உலகக் கோப்பையில் மீண்டும் ஐந்தாம் இடம். அவ்வாண்டு தில்லி ஆசிய விளையாட்டின் இறுதியில் பாகிஸ்தானிடம் 1–7 என்ற தோல்வி. எல்லா அணிகளும் மாஸ்கோவுக்கு வந்திருந்தாலும் இந்தியாவே வென்றிருக்கும் என்று இவற்றை அறிந்த எவரும் சொல்லத் துணியமாட்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் 1982 சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றதைக் கழிவு வாசிப்பு எண்ணுவதே இல்லை. ஐந்தாம் இடங்களை எண்ணும் கை மூன்றாம் இடத்தையும் எண்ணியிருக்க வேண்டும்.

என் மறுப்புக்கு அடிப்படை ஒரு சிறிய ஆவணம்: மாஸ்கோ ஆடவர் ஹாக்கியின் லீக் புள்ளிப் பட்டியல். ஆறே வரிகள். ஸ்பெயின் 9, இந்தியா 8, சோவியத் ஒன்றியம் 6, போலந்து 5, கியூபா 2, டான்சானியா 0. கழிவு வாசிப்பு இந்தப் பட்டியலுக்குள் போவதில்லை. தலைப்பில் ஆறு அணிகள் என்று இருப்பதைக் கண்டதுமே திரும்பிவிடுகிறது. உள்ளே போனால் கிடைப்பது வேறு.

லீக்கில் இந்தியா அடித்த கோல்கள் 39, வாங்கியவை 6. அந்த 39-இல் டான்சானியாவுக்கு எதிராக 18, கியூபாவுக்கு எதிராக 13. ஆக 31 கோல்கள் இரண்டே ஆட்டங்களில் வந்தவை. இந்த 31-ஐ முழுவதும் தள்ளிவிட வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். தள்ளிய பின் எஞ்சுபவை: போலந்துடன் 2–2, ஸ்பெயினுடன் 2–2, சோவியத் அணியுடன் 4–2, இறுதியில் ஸ்பெயினுடன் 4–3. நான்கு ஆட்டங்களில் அடித்தவை 12, வாங்கியவை 9. தானாக வந்து சேர்ந்த தங்கத்தின் எண்கள் இப்படி இருக்காது. நின்று பார்க்க வேண்டிய இடம் சோவியத் ஆட்டம். அதில் முடிவு மாறியிருந்தால் சோவியத் ஒன்றியம் 8 புள்ளியுடன் இறுதிக்குப் போயிருக்கும். இந்தியா 6 புள்ளியுடன் வெண்கல ஆட்டத்தில் நின்றிருக்கும். போட்டியை நடத்திய நாட்டை, அதன் தலைநகரில், அதன் பார்வையாளர்களுக்கு முன்னால் வென்றாக வேண்டியிருந்தது. நட்பு நாட்டுக்கு மாஸ்கோ வழிவிட்டது என்று அரசியல் சாயம் பூசுவோரும் உண்டு. அவர்களுக்கு இந்த 4–2 ஒன்றே போதுமான பதில்.

இறுதியாட்டத்தையும் சொல்ல வேண்டும். சுரிந்தர் சிங் சோதியின் இரண்டு கோல்களாலும் மகாராஜ் கிருஷன் கௌசிக்கின் ஒரு கோலாலும் இந்தியா 3–0 என முன்னேறியது. முகமது ஷாகித் அடித்தது நான்காவது கோல். ஸ்பெயினின் மூன்று கோல்களையும் ஹுவான் அமாத் ஒருவரே அடித்து வித்தியாசத்தை ஒன்றாகக் குறைத்தார். மாண்ட்ரியாலில் இந்தியாவைத் தடுமாற வைத்த செயற்கைப் புல்தரைதான் மாஸ்கோவிலும் இருந்தது. முந்தைய தங்கங்கள் அனைத்தும் இயற்கைப் புல்லில் வந்தவை. இந்திய அணி செயற்கைத் தரையில் வென்ற ஒரே ஒலிம்பிக் தங்கம் இது என்பதைக் கழிவு போடுவோர் கணக்கில் சேர்ப்பதில்லை.

டான்சானியா ஏன் அங்கு வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 1976-இல் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா சென்றதை எதிர்த்து ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியாலைப் புறக்கணித்தபோது முன்னின்ற நாடுகளில் டான்சானியாவும் ஒன்று. 1980 தொடக்கத்தில் தொண்டுப் பணிக்காக இந்தியா வந்திருந்த முகமது அலியை, மாஸ்கோ புறக்கணிப்புக்கு ஆப்பிரிக்காவின் ஆதரவைத் திரட்ட அனுப்பினார் அமெரிக்க அதிபர் கார்ட்டர். அலி முதலில் இறங்கியது டார் எஸ் சலாமில். அதிபர் நைரேரே அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். நிறவெறிக்கு எதிராகத் தாங்கள் விலகி நின்றபோது உடன் வராத அமெரிக்கா இப்போது தங்களை அழைப்பதா என்ற கேள்வி ஆப்பிரிக்காவில் அப்போது வலுவாக எழுந்தது. அந்த டான்சானியாதான் மாஸ்கோவில் 0–18 எனத் தோற்றது. கேலிக்கு எடுத்துக்காட்டப்படும் அந்த எண்ணுக்குப் பின்னால், தன் வெளியுறவுக் கொள்கையைத் தானே வகுத்துக்கொண்ட ஒரு நாடு நிற்கிறது.

வராதவர்கள் யார் என்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். புறக்கணித்த நாடுகள் எத்தனை என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. 60 என்று தொடங்கி 66 வரை எண்கள் கிடைக்கின்றன. பணமில்லாமலும் தகுதிபெற்ற வீரர்கள் இல்லாமலும் வராத நாடுகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் முடிவு இல்லை. முடிவு வரும் என்றும் தோன்றவில்லை. ஹாக்கியிலோ நிலைமை இன்னும் சிக்கல். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் மாஸ்கோவுக்கு வந்தவை. வீரர்களை அனுப்பின, பதக்கங்களும் வென்றன. அவற்றின் ஹாக்கி அணிகள் மட்டும் வரவில்லை. பிறகு, வந்தவர்கள் எல்லாரும் முழுமையாக வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இறுதியில் இந்தியாவோடு மோதிய ஸ்பெயின் தன் தேசியக் கொடியின் கீழ் ஆடவில்லை. தன் ஒலிம்பிக் குழுவின் கொடியைக் கொண்டுவந்தது. புறக்கணிப்பின் எல்லைக்கோடு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் ஓடியதாக நினைப்பது தவறு. அது ஒவ்வொரு நாட்டின் உள்ளேயும் ஓடியது. மாஸ்கோவின் ஆடுகளத்தையும் கடந்து சென்றது.

இனி என் முதன்மை வாதம். வலிய எதிராளி வராமல் போனது 1980-இல்தான் முதன்முறையா? இந்தியாவின் எட்டுத் தங்கங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1928 ஆம்ஸ்டர்டாமில் முதல் தங்கம். 1908-இலும் 1920-இலும் வென்றிருந்த பிரித்தானியர் அங்கு ஆடவில்லை. அவர்கள் ஒலிம்பிக் ஹாக்கிக்குத் திரும்பியது 1948-இல். அப்போது இந்தியாவிடம் 0–4 எனத் தோற்றார்கள். 1932 லாஸ் ஏஞ்சலிஸில் வந்தவை மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஐரோப்பாவிலிருந்து ஒரு அணிகூட இல்லை. இந்தியா இரண்டே ஆட்டங்களில் தங்கம் பெற்றது. அமெரிக்காவை 24–1 என வென்றதை இன்றும் பெருமையோடு சொல்கிறோம். 1948-இல் ஜெர்மனிக்கு அழைப்பே இல்லை. 1936-இல் வெள்ளி வென்ற அணி அது. 1956 மெல்போர்ன் 1980-ஐ ஏறக்குறைய முன்கூட்டியே நடத்திக் காட்டியது. ஹங்கேரியில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நெதர்லாந்தும் ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும் விலகின. நெதர்லாந்து 1952 இறுதியில் இந்தியாவோடு ஆடி வெள்ளி வென்ற அணி. அது இல்லாத மெல்போர்னில் இந்தியா 38 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காமல் வென்றது.

எட்டில் ஐந்திலாவது வலிய எதிராளி ஒருவர் இல்லை. ஆனால் அடிக்குறிப்பு போடப்படுவது ஒன்றுக்குத்தான். 1980-இல் இல்லாதவர்கள் மிகுதி என்பது சரியான பதில், அதை மறுக்கவில்லை. 1956-இல் பாகிஸ்தான் இருந்தது, 1980-இல் இல்லை என்பதும் சரியே. ஆயினும் மூன்று அணிகள் ஆடிய 1932-ஐ இந்த அளவுகோலிலிருந்து எப்படி விலக்குவது? அளவில் வேறுபாடு இருக்கிறது, வகையில் இல்லை. 1976-இலும் இதே நிலைதான். ஆப்பிரிக்கப் புறக்கணிப்புக்குக் காரணமாக இருந்த நியூசிலாந்து, கென்யா விலகிச் சென்ற அதே ஹாக்கிப் போட்டியில் தங்கம் வென்றது. அத்தங்கத்தை யாரும் தள்ளுபடி செய்ததில்லை. 1980-க்கு மட்டும் கழிவு விழுந்ததற்கு வராதவர்களின் எண்ணிக்கையைவிட, வரலாற்றை எழுதியவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே பெரிய காரணம் என்று கருதுகிறேன். இதற்கு நேர்ச் சான்று காட்டுவது கடினம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

அது மகளிர் ஹாக்கி. மாஸ்கோவில்தான் அது முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதிலும் ஆறு அணிகள், அதே புறக்கணிப்பு. 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை பெற்ற ஜிம்பாப்வே, சில வாரங்களில் ஓர் அணியைத் திரட்டி அனுப்பித் தங்கம் வென்றது. அதை அதிசயம் என்று எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். அதே ஊரில், அதே வாரத்தில், அதே காரணத்தால் சுருங்கிய போட்டியில் ஒரு நாட்டின் வெற்றி அதிசயமாகவும் இன்னொன்று கழிவாகவும் எப்படி ஆகும்? இன்னும் முக்கியமான சான்று இந்திய மகளிர் அணி. ஆஸ்திரியாவையும் போலந்தையும் வென்று, ஜிம்பாப்வேயுடன் 1–1 எனச் சமன் செய்து, செக்கோஸ்லோவாக்கியாவிடம் 1–2 எனவும் சோவியத் அணியிடம் 1–3 எனவும் தோற்று, 5 புள்ளியுடன் நான்காவதாக வந்தது. சோவியத் அணிக்கு 6 புள்ளி. அந்த ஓர் ஆட்டம் சமனில் முடிந்திருந்தாலே வெண்கலம் இந்தியாவுக்கு வந்திருக்கும். வலியவர்கள் வராத மைதானத்தில் பதக்கம் தானாக வந்து சேராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்தப் பெண்களின் நான்காம் இடம் நம் நூல்களில் ஒரு வரி அளவுக்குக்கூட இடம்பெறாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எஞ்சியது அரசியல். இந்தியா மாஸ்கோ சென்றது சோவியத் நட்புக்குச் செலுத்திய நன்றி என்பர். ஆப்கானிஸ்தானிலிருந்து அன்னியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 1980 ஜனவரி 14 அன்று 104–18 என்ற கணக்கில் நிறைவேறியது. வாக்களிக்காத 18 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்திரா காந்தி மீண்டும் பிரதமராகப் பதவியேற்றதும் அதே நாள்தான். மாஸ்கோ செல்வது என்று இந்தியா முடிவெடுத்த நாள் இது என ஒரு தேதியைத் திட்டமாகச் சுட்ட முடியாது. போகாதவர்களுக்குத்தான் முடிவு தேவைப்பட்டது. 1956 நவம்பர் 4 அன்று ஹங்கேரி குறித்த தீர்மானத்திலும் இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. பிறகு மெல்போர்ன் சென்றது. தந்தை நேருவும் மகள் இந்திராவும் இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் எடுத்தது ஒரே நிலைப்பாடு. அது சரியா என்று தனியே விவாதிக்கலாம். 1980-க்காகப் புதிதாக வகுத்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

விளையாட்டில் அரசியல் கூடாது என்ற கொள்கையும் இந்தியாவுக்கு இருந்ததில்லை. 1974 டேவிஸ் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட இந்தியா மறுத்தது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி, கைக்கு எட்டிய கோப்பையை ஆடாமலே விட்டுக்கொடுத்தது. அப்போதும் இந்திராவே பிரதமர். நிறவெறிக்கு எதிராகப் புறக்கணிக்கத் தெரிந்த நாடு, ஆப்கானிஸ்தானுக்காகப் புறக்கணிக்கவில்லை. இதில் முரண் காண்போர் காணலாம். நன்றிக்கடன் என்ற ஒற்றை விளக்கம் இவ்விரண்டையும் சேர்த்து விளக்காது.

மாஸ்கோ அணியை உலகின் தலைசிறந்த அணி என்று எழுதக் கூடாது. கராச்சியும் பம்பாயும் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் வந்த எதிரிகளில் எவரிடமும் தோற்காமல், ஆறு ஆட்டங்களில் நான்கில் வென்று, இரண்டைச் சமன் செய்து பெற்ற தங்கம் அது. விளையாட்டு வரலாறு எழுதுவோரிடமும் பாடநூல் தொகுப்போரிடமும் ஒரு வேண்டுகோள்: 1980-க்கு எதிரே ‘வலிய அணிகள் பங்கேற்கவில்லை’ என்ற குறிப்பைப் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். அதே குறிப்பை 1928, 1932, 1948, 1956 ஆகிய ஆண்டுகளுக்கு எதிரேயும் போடுங்கள்.