டைலர் ஹான்ஸ்பரோ

டைலர் ஹான்ஸ்பரோ (பிறப்பு: நவம்பர் 3, 1985) அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 2005 முதல் 2009 வரை, சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் அணிக்காக நான்கு பருவங்கள் ஆடினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓயாத உழைப்புக்கும், அடி வாங்கினாலும் பின்வாங்காத ஆட்டத்துக்கும் பேர்போனவர். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (ஏ.சி.சி.) வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர், மொத்தம் 2,872. கல்லூரி ஆட்டத்தில் 982 ஃப்ரீ த்ரோக்களைக் கூடையில் போட்டு, 54 ஆண்டுகள் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். 2008இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான முதன்மை விருதுகள் அனைத்தும் அவருக்கே கிடைத்தன. 2009இல் அவரது அணி தேசிய சாம்பியன் ஆனது.

இந்தப் பட்டியலை மட்டும் படிப்பவர், பிறவியிலேயே எல்லாம் வாய்த்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். ஹான்ஸ்பரோ அப்படிப்பட்டவர் அல்ல. உயரம் 6 அடி 9 அங்குலம்; கூடையின் அடியில் நின்று ஆடுபவருக்கு அது பெரிய உயரம் இல்லை. குதிப்பதிலும் அவரை மிஞ்சியவர்கள் ஏராளம். பந்தை எறியும் விதத்தில் அழகு குறைவு. வளைந்து மேலே எழும்பாமல் தட்டையாகவே போகும். இத்தனைக்குப் பிறகும் நான்கு ஆண்டுகளில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.2 புள்ளிகளும் 8.6 ரீபவுண்டுகளும் (தவறிய எறிகளிலிருந்து பிடித்த பந்துகள்) எடுத்தார் என்பதுதான் அவரைத் தனித்து எழுத வேண்டியவராக ஆக்குகிறது.

இளமை

மிசூரி மாநிலத்தின் கொலம்பியாவில் பிறந்து, அதே மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள பாப்லர் பிளஃப் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். தந்தை எலும்பியல் அறுவை மருத்துவர். கல்லூரி நாட்களில் உயரம் தாண்டும் வீரர். உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அணியுடன் ஹான்ஸ்பரோ 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மாநிலப் பட்டம் வென்றார்.

அவரது குணத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தவறாமல் குறிப்பிடுவது அவருடைய அண்ணனை. சிறு வயதில் மூளையில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் அண்ணனின் உடலின் இடப்பக்கம் செயல்திறன் குறைந்துபோனது. அப்படியிருந்தும் அவர் ஓடப் பழகி, பின்னாளில் மாரத்தான்களில் ஓடினார். தன் உழைப்புக்கு அண்ணனே தூண்டுகோல் என்று ஹான்ஸ்பரோ பலமுறை சொல்லியிருக்கிறார். தம்பி பென்னும் கூடைப்பந்து வீரர்; நோட்ரே டேம் அணிக்காக ஆடி 2011இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார்.

சேப்பல் ஹில்லில் முதல் ஆண்டு

ஹான்ஸ்பரோ வந்து சேர்ந்த நேரம் வட கரோலினாவுக்கு இக்கட்டானது. 2005 ஏப்ரலில் தேசியப் பட்டம் வென்ற அணியில் அதிகப் புள்ளி எடுத்த ஏழு பேரும் அடுத்த சில வாரங்களில் வெளியேறிவிட்டார்கள். எஞ்சிய அணியின் தாக்குதல் முழுவதையும் பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் ஒரு முதலாமாண்டு மாணவனின் தோளில் ஏற்றினார். அந்தப் பருவத்தில் ஹான்ஸ்பரோவின் சராசரி 18.9 புள்ளிகள். 2006 பிப்ரவரி 15 அன்று ஜார்ஜியா டெக் அணிக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்தார், ஏ.சி.சி.யில் அதற்கு முன் எந்த முதலாமாண்டு வீரரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு எடுத்ததில்லை.

மார்ச் 4 அன்று நடந்தது அதைவிடப் பெரிய சோதனை. பரம எதிரியான டியூக் பல்கலைக்கழகத்தின் அரங்கம் பக்கத்து ஊரான டர்ஹமில், சேப்பல் ஹில்லிலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. டியூக் வீரர்களான ஜே. ஜே. ரெடிக், ஷெல்டன் வில்லியம்ஸ் இருவரும் சொந்த மண்ணில் ஆடிய கடைசி ஆட்டம் அது. ஹான்ஸ்பரோ 27 புள்ளிகள் எடுக்க, வட கரோலினா 83–76 என்று வென்றது. அதன் பிறகு 2009 வரை ஒவ்வோர் ஆண்டும் அவரது அணி அந்த அரங்கத்திலிருந்து வெற்றியோடுதான் திரும்பியது.

'சைக்கோ டி' என்ற பட்டப்பெயர் எடைப்பயிற்சிக் கூடத்தில் பிறந்தது. அவர் பயிற்சி செய்யும் வெறியைப் பார்த்து அணியின் உடற்பயிற்சியாளர் வைத்த பெயர் அது. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூக்கு உடைந்த ஆட்டம்

சரியாக ஓராண்டு கழித்து, 2007 மார்ச் 4. இந்த முறை ஆட்டம் சேப்பல் ஹில்லில். வட கரோலினாவின் வெற்றி ஏறக்குறைய முடிவாகிவிட்ட நிலையில், கடிகாரத்தில் மீதமிருந்தது 14.5 விநாடி. தவறிய ஃப்ரீ த்ரோவை ஹான்ஸ்பரோவே பிடித்து மீண்டும் கூடை நோக்கி எழும்பினார். டியூக்கின் ஜெரால்ட் ஹெண்டர்சன் தடுக்க வந்தபோது அவரது முழங்கை ஹான்ஸ்பரோவின் முகத்தில் இடித்தது. தரையில் விழுந்தவர் எழுந்தபோது மூக்கிலிருந்து வாய், தாடை என்று ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கண்களில் கோபம் கொப்பளிக்க முன்னே போனவரைச் சக வீரர்கள் பிடித்து நிறுத்தி அழைத்துச் சென்றார்கள். ஹெண்டர்சன் வெளியேற்றப்பட்டார், அடுத்த ஆட்டத்துக்கும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. முடிவு 86–72. ஹான்ஸ்பரோ எடுத்தவை 26 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள்.

ரத்தம் வழியும் அந்த முகத்தின் புகைப்படம் நாடெங்கும் பரவி அவரது அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தைவிட, அவர் அடிபட்ட சூழலையே இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டம் கைக்குள் வந்துவிட்டது. பெரும்பாலான நட்சத்திர வீரர்கள் அந்நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது களத்தில் நின்றாலும் கடிகாரம் ஓடி முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள். தவறிய பந்தின் பின்னால் அந்தக் கடைசி விநாடிகளிலும் பாய்ந்தவர்தான் ஹான்ஸ்பரோ. சில நாட்களிலேயே உடைந்த மூக்கின் மேல் முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஏ.சி.சி. தொடரில் இறங்கினார், வட கரோலினா கோப்பையை வென்றது. அதே மாதம் தேசியத் தொடரில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 33 புள்ளிகள் எடுத்தார்.

982 ஃப்ரீ த்ரோக்கள்

ஹான்ஸ்பரோவின் மொத்தப் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஃப்ரீ த்ரோ மூலம் வந்தவை. எதிராளி ஃபவுல் செய்தால்தான் ஃப்ரீ த்ரோ கிடைக்கும்; அதாவது ஒவ்வொரு முறையும் யாராவது அவர்மேல் மோதியிருக்க வேண்டும், கையைத் தட்டியிருக்க வேண்டும், இடுப்பில் இடித்திருக்க வேண்டும். கூடைக்கு அருகில் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குவார். தன்னைக் காப்பவரின் மார்பில் தோளை அழுத்தித் திரும்புவார். மோதல் வரும் என்று தெரிந்தே அதற்குள் புகுந்து எறிவார். முதல் எறி தவறினால் அதே இடத்தில் மறுபடி குதிப்பார். இரண்டாவதும் தவறினால் மூன்றாவது. காப்பவர் களைத்துப்போகும் கணத்தில் ஃபவுல் விழும்.

இதன் பலன் புள்ளிகளோடு நிற்பதில்லை. கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் செய்தவர் ஆட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும். எனவே இரண்டு, மூன்று ஃபவுல் விழுந்ததுமே எதிரணிப் பயிற்சியாளர் தன் உயரமான வீரரைப் பெஞ்சில் உட்காரவைக்க நேரிடும். அன்றைய ஆண்கள் கல்லூரி விதிப்படி, ஆட்டத்தின் ஒரு பாதிக்குள் எதிரணி ஏழாவது ஃபவுலை எட்டியதும், எறியாத நிலையில் நடந்த ஃபவுலுக்கும் ஃப்ரீ த்ரோ கிடைக்கத் தொடங்கும். ஹான்ஸ்பரோ முதல் பத்து நிமிடங்களில் வாங்கிய அடிகளின் லாபத்தைப் பிற்பாடு அவரது சக வீரர்களும் அனுபவித்தார்கள்.

அடி வாங்கிவிட்டு, மூச்சிரைக்க, கோட்டில் நின்று குறி தவறாமல் எறிவது தனிக் கலை. அவரது வெற்றி விகிதம் 79 சதவீதம். கூடையடியில் ஆடும் பெரிய உருவத்தினரிடம் இது அரிது. வேக் ஃபாரஸ்ட் அணியின் டிக்கி ஹெம்ரிக் 1955இல் விட்டுச்சென்ற 905 என்ற எண்ணிக்கையை 2009இல் தாண்டினார். அவருடைய சாதனைகளில் மிக உயர்ந்ததாக இதையே கருத வேண்டும்; மற்றவை திறமையைக் காட்டுகின்றன, இது நான்கு ஆண்டுகள் அவர் உடம்பில் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

அவரது உழைப்பு கூடையடியில் மட்டும் அல்ல. ராய் வில்லியம்ஸின் அணி எப்போதும் வேக ஆட்டமே ஆடியது. ரீபவுண்ட் கைக்கு வந்த நொடியில் அணியின் பெரிய ஆட்டக்காரர் எதிர்க்கூடை வரை முழு வேகத்தில் ஓட வேண்டும். பத்தில் ஒரு முறைதான் பந்து வரும், மீதி ஒன்பதும் வெறும் ஓட்டம். அந்த ஒன்பதையும் ஹான்ஸ்பரோ ஒரே வேகத்தில் ஓடினார்.

2008: விருதுகளும் ஒரு தோல்வியும்

மூன்றாம் ஆண்டு அவரது உச்சம்: சராசரி 22.6 புள்ளிகள், 10.2 ரீபவுண்டுகள். பாயின்ட் கார்டு டை லாசன் கணுக்கால் காயத்தால் ஒதுங்கியிருந்த வாரங்களில் சுமை கூடியது. கிளெம்சனுக்கு எதிரான ஆட்டம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் போனபோது 39 புள்ளிகள் எடுத்தார். ஏ.சி.சி. அரையிறுதியில் வர்ஜீனியா டெக்கை 68–66 என்று வீழ்த்திய கடைசிக் கூடை அவருடையது. தேசியக் காலிறுதியில் லூயிவில் அணி நெருங்கி வந்தபோது, வழக்கத்துக்கு மாறாகத் தூரத்திலிருந்து எறிந்து ஆட்டத்தை முடித்தார். அன்று 28 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள். ஆனால் அரையிறுதியில் கேன்சஸ் அணி 84–66 என்று வட கரோலினாவைத் தகர்த்துவிட்டது.

எல்லா விருதுகளும் கையில் இருந்த நிலையில், அவர் அப்போதே தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கலாம். ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்புவது திறமையான மாணவர்களின் வழக்கமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் நான்காம் ஆண்டுக்குத் திரும்பினார்.

2009: பட்டம்

பருவம் தொடங்கும்போதே முழங்காலுக்குக் கீழே எலும்பில் அழுத்தக் காயம். நான்கு ஆட்டங்களில் ஆட முடியவில்லை. முழுமையாகத் தேறாமலே திரும்பிவந்து, மாவி தொடரின் இறுதியில் நோட்ரே டேமுக்கு எதிராக 34 புள்ளிகள் எடுத்தார். டிசம்பர் 18 அன்று, அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் ஃபில் ஃபோர்டின் 2,290 புள்ளிகளைத் தாண்டிப் பல்கலைக்கழகச் சாதனையைத் தன்வசமாக்கினார். மார்ச்சில், தேசியத் தொடரின் முதல் சுற்றில் ராட்ஃபோர்டு அணிக்கு எதிராக, ஏ.சி.சி. சாதனையாக இருந்த ஜே. ஜே. ரெடிக்கின் 2,769 புள்ளிகளும் பின்தங்கின.

லாசன், வேய்ன் எலிங்டன், டேனி கிரீன் என்று திறமை நிறைந்த அந்த அணி, தொடரின் ஆறு ஆட்டங்களிலும் குறைந்தது 12 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஏப்ரல் 6 அன்று டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட் முதல் பாதியிலேயே 55–34 என்று பின்தங்கியது, முடிவு 89–72. ஹான்ஸ்பரோ 18 புள்ளிகள் எடுத்தார். தொடரின் சிறந்த வீரர் விருது எலிங்டனுக்குச் சென்றது, நியாயமாகவே.

அதே மரபில் மற்றவர்கள்

கல்லூரிக் கூடைப்பந்தில் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்கள் பலர். 2000 இறுதி ஆட்டத்தில் கணுக்கால் பிசகி வெளியேறி, நொண்டியபடியே திரும்பிவந்து ஃப்ளோரிடாவை வெல்ல வழிநடத்திய மிச்சிகன் ஸ்டேட்டின் மட்டீன் கிளீவ்ஸ் அவர்களில் ஒருவர். மோர்ஹெட் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் 1,673 ரீபவுண்டுகள் பிடித்து, 2011இல் டிம் டங்கனை முந்திய கென்னத் ஃபரீட் இன்னொருவர். கிளீவ்ஸின் புகழ் ஓர் இரவில் நிலைபெற்றது. ஹான்ஸ்பரோ ஆடிய 142 ஆட்டங்களில் அப்படி ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது கடினம்.

தொழில்முறை ஆட்டம்

2009 என்.பி.ஏ. தேர்வில் இண்டியானா பேசர்ஸ் அணி அவரை 13ஆவதாக எடுத்தது. முதல் பருவத்தில் தலைசுற்றல் நோயால் 29 ஆட்டங்களே ஆட முடிந்தது. பேசர்ஸில் நான்கு பருவங்கள், பின்னர் டொரான்டோ ராப்டர்ஸ், சார்லட் ஹார்னெட்ஸ் அணிகள். பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து சில நிமிடங்கள் ஆடுபவராகவே இருந்தார். அவரைவிட உயரமும் வேகமும் உள்ளவர்கள் நிறைந்த அரங்கில், கல்லூரியில் எடுபட்ட மோதல் ஆட்டம் அதே அளவில் பலன் தரவில்லை. இதைக் காட்டி அவரது கல்லூரிச் சாதனையைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அது சரியான அளவுகோல் அல்ல. பின்னர் சீன லீகிலும் ஆடினார்.

தேசிய அளவில் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானவர்களின் எண்ணை மட்டுமே வட கரோலினா ஓய்வுபெறச் செய்கிறது. 2010 பிப்ரவரியில் ஹான்ஸ்பரோவின் 50ஆம் எண் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பல்கலைக்கழகத்துக்காக அவர் பிடித்த 1,219 ரீபவுண்டுகளை 2023இல் அதே அணியின் ஆர்மாண்டோ பேகாட் தாண்டினார்.