ரிலே பெட்டியிலிருந்து பி.எல்.சி. வரை

அமெரிக்கக் கார் ஆலைகளில் 1960களின் இறுதிவரை இயந்திரங்களை இயக்கியவை மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்கள். பீரோ உயர இரும்புப் பெட்டிகளுக்குள் அவை வரிசையாக நிற்கும். நடுவே வயர்கள் பின்னிக் கிடக்கும். கார் மாடல் மாறினால் எலெக்ட்ரீஷியன்கள் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி இணைக்க வேண்டும். ஒரு ரிலேயின் முனை தேய்ந்தாலே உற்பத்தி நின்றுவிடும். பழுதைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு இதற்கு மாற்று கேட்டது. மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் டிக் மார்லி குழுவினர் உருவாக்கிய மோடிகான் 084 என்ற பி.எல்.சி., அதாவது நிரல் மூலம் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி, அடுத்த ஆண்டே வந்தது. தூசி புகாத மூடிய பெட்டி, மின்விசிறிகூட இல்லை.

அதைவிடப் பெரிய சாதனை அதன் நிரல்முறை. இருபுறமும் நெடுங்கோடு, நடுவே படிகள் என ஏணி போன்ற படம். ஒரு படியில் ஸ்டாப், ஸ்டார்ட் பொத்தான்கள், வலக்கோடியில் மோட்டார். ஸ்டார்ட்டுக்கு இணையாக மோட்டாரின் கான்டாக்டையும் வரைந்துவிட்டால், விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடும்; ஸ்டாப்பை அழுத்தினால்தான் நிற்கும். ரிலே வரைபடம் படித்துப் பழகிய எலெக்ட்ரீஷியனுக்கு இது புரியாமல் போகுமா? கணினிப் பொறியாளர்களின் வசதியை விட ஆலைத் தொழிலாளியின் கைப்பழக்கத்தை மதித்த வடிவமைப்பு அது.

பொருத்தும் வேலையும் சுருங்கியது. சென்சார், சுவிட்ச் வயர்கள் இன்புட் முனைகளுக்கு; வால்வு, மோட்டார் ஸ்டார்ட்டர் வயர்கள் அவுட்புட் முனைகளுக்கு. வேலை வரிசையை மாற்ற நிரலைத் திருத்தினால் போதும். 1979இல் மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு நெறிமுறை வந்தபின் கருவிகள் தகவல் பரிமாறவும் தொடங்கின. 1993இல் வெளியான, பி.எல்.சி. நிரல் மொழிகளுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலையிலும் ஏணிப்படம் இடம்பெற்றது.