தொப்பிக்குள் போன கை

மாரிக்குப்பத்தில் பெங்களூர் பாசஞ்சர் ஏறியதும் சித்தப்பா பேப்பரில் குதிரைகளின் காலை ஓட்டத்தைத் தேடுவார். '600/41' என்றால் அறுநூறு மீட்டருக்கு நாற்பத்தோரு விநாடி. ஆனால் அது ஓடியது மணலில். "ரேஸு புல்லுலதானடா" என்று பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார்.

அந்தக் கேள்விக்குறியின் பூர்வீகம் ஒரு தொப்பி. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் பொருளை மாற்றிக்கொள்ள நினைத்தால், எது எவ்வளவு ஒசத்தி என்று நடுவர் ஒருவர் சொல்வார். மூவரும் தொப்பியில் காசு போடுவார்கள். பிறகு அந்த இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு ஒரே நேரத்தில் எடுப்பார்கள். சம்மதமா இல்லையா என்பது கையிலேயே தெரிந்துவிடும். இருவர் முடிவும் ஒன்றானால் காசு நடுவருக்கு. ஆகவே நியாயமாக மதிப்பிடுவதுதான் அவருக்கு லாபம். 'தொப்பியில் கை' என்ற பொருள்பட்ட அந்தப் பெயரே 'ஹேண்டிகேப்' ஆனது.

குதிரைக்கு வந்தபோது, காசுக்குப் பதில் எடை. பந்தயம் சமமாக இருக்க, அதிக மதிப்பெண் வாங்கிய கெட்டிக்காரக் குதிரையின் சேணத்தில் கூடுதலாக ஈயத் தகடு செருகுவார்கள். 1791-இல் ஆஸ்காட்டில் நடந்த ஓட்லண்ட்ஸ் பந்தயம் இதில் பேர்பெற்றது. எந்த வயதுக்கு எத்தனை எடை என்று அட்டவணை போட்டவர், 1855-இல் பொது மதிப்பீட்டாளராக வந்த அட்மிரல் ரௌஸ். கடற்படைக்காரர், அவர் கணக்கில் தரை என்றால் புல்தான்.

அமெரிக்கர்கள் மண்ணிலும் ஓடவிட்டார்கள். சிகார் என்ற குதிரை புல்லில் பதினோரு முறை ஓடி ஒரே ஒரு தடவை ஜெயித்தது. 1994 அக்டோபரில் மண்ணுக்கு மாற்றினார்கள். தொடர்ந்து 16 வெற்றி. அதில் ஒன்று 1996-இல் முதல் துபாய் உலகக் கோப்பை. அதே குதிரை, அதே கால்கள்! புல்லில் போட்ட மதிப்பெண்ணை வைத்து எடை ஏற்றியிருந்தால் மற்ற குதிரைகள் பாவம்.

1989-இல் லிங்ஃபீல்டில் செயற்கைத் தளம் வந்தபின் இங்கிலாந்தும் விழித்துக்கொண்டது. இப்போது ஒரே குதிரைக்கு அங்கே புல்லுக்கு ஒரு மதிப்பெண், செயற்கைத் தளத்துக்கு வேறொன்று இருக்கலாம். பெங்களூரிலும் கிண்டியிலும் பந்தயம் புல்லில் மட்டும் என்பதால் ஒரே எண் போதும். மணலைப் புல்லாக மாற்றும் கணக்கு சித்தப்பா மாதிரி ஆட்கள் தலையில்.

குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமைதான் என்று மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சித்தியிடம் அந்தத் தீர்ப்பைச் சித்தப்பா பலமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தார்; சித்தி அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவராகத் தெரியவில்லை.