அச்ச ஓவியமும் வாசகர் மடலும்: ‘வீர்ட் டேல்ஸ்’ இதழை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓவியத் திறனாய்வின் வரலாறு பெரும்பாலும் கண்காட்சிக் கூடங்களையும் அவற்றைச் சார்ந்த அறிஞர்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகிக் கடைத்தெருவில் விற்கப்பட்ட கதை இதழ்களின் ஓவியங்களை அவ்வறிஞர்கள் பொருட்படுத்தவில்லை. பேயும் பிணமும் மாயக் கோட்டையும் வரைந்தோர்க்கு அவர்தம் படைப்பின் நிறைகுறைகளை எடுத்துரைத்தோர் அவ்விதழ்களை விலை கொடுத்து வாங்கிய வாசகர்களே ஆவர். அவ்வாசகர் கருத்துரைகள் எத்தகையன, அவை ஓவியர் வாழ்வில் விளைத்த பயன் யாது என்பதை அமெரிக்க இதழான ‘வீர்ட் டேல்ஸ்’ வழியாக இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அச்சமும் வியப்பும் தரும் கதைகளுக்கென்றே நடத்தப்பட்ட இவ்விதழ் 1923 மார்ச் திங்களில் சிகாகோவை மையமாகக் கொண்டு வெளிவரத் தொடங்கியது. 1924இல் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் ஆசிரியப் பொறுப்பேற்று 1940 வரை அதனை நடத்தினார். இதழின் வாசகர் மடல் பகுதி ‘தி ஐரி’ எனப் பெயர் பெற்றது. கழுகு முதலிய பறவைகள் உயரத்தில் கட்டும் கூடு என்பது அதன் பொருள். எந்தக் கதை சிறந்தது என வாசகர் தெரிவித்த கருத்து அப்பகுதியில் எண்ணிச் சொல்லப்பட்டது. எழுத்தாளர்களும் வாசகராகவே அதில் எழுதினர். பிற்காலத்தில் ‘சைக்கோ’ நாவலால் புகழ்பெற்ற ராபர்ட் பிளாக் இளைஞராக இருந்தபோது இப்பகுதியில் எழுதியவர்களுள் ஒருவர். எனவே இதனை வெறும் பாராட்டுப் பகுதியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

1932 செப்டம்பர் இதழ் முதல் இதன் அட்டைகளில் ‘எம். பிரண்டேஜ்’ என்னும் ஒப்பம் காணப்படலாயிற்று. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மகனையும் நோயுற்ற தாயையும் காக்கும் சுமையைத் தாங்கிய மார்கரெட் பிரண்டேஜ், தம் ஓவியங்களை எடுத்துக்கொண்டு வேலை தேடி ரைட்டிடம் வந்தவர். ஓர் அட்டைக்கு 90 டாலர் ஊதியம். 1933 ஜூன் முதல் 1936 ஆகஸ்ட்-செப்டம்பர் வரை வெளிவந்த எல்லா அட்டைகளும் அவர் வரைந்தவையே. பாஸ்டல் எனப்படும் வண்ணக்கட்டியால் வரையப்பட்ட அவ்வோவியங்களில், ஆடை நெகிழ்ந்த அல்லது ஆடையற்ற பெண்ணொருத்தி ஆபத்தின் விளிம்பில் நிற்பது வழக்கமான காட்சி. 1933 அக்டோபர் அட்டையில் வௌவால் முகமூடி அணிந்து தோன்றும் பெண் இன்றளவும் மறுபதிப்பாகி வருகின்றாள்.

இவ்வட்டைகள் குறித்து மடல் பகுதியில் நீண்ட வழக்கு நிகழ்ந்தது. கதைகளின் தரத்துக்கு அட்டை இழுக்கு என்றனர் ஒரு சாரார். அழகுணர்வுடையோர் குறை காணார் என்றனர் மறு சாரார். ‘எம்.’ என்பது மார்கரெட் என்னும் பெண்பெயர் என 1934 அக்டோபரில் இதழ் வெளிப்படுத்தியபின் எதிர்ப்புக் குரல் மிகுந்தது. ஓவியம் முன்னிருந்தது போலவே இருந்தது. கோட்டிலோ வண்ணத்திலோ மாற்றம் எதுவுமில்லை. ஆண் வரைந்ததாக எண்ணியவரை பொறுக்கப்பட்டது, பெண் வரைந்தாள் என்றதும் குற்றமாயிற்று. படைப்பை நோக்கி எழுந்ததாகத் தோன்றும் கருத்துரையுள் ஒரு பகுதி படைத்தவரை நோக்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

ஒழுக்கம் பற்றிய இவ்வழக்கினின்றும் வேறுபட்டது எழுத்தாளர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட் தம் கடிதங்களில் தெரிவித்த கருத்து. ஆடையற்ற உருவம் கலைக்கு ஆகாதது என அவர் கருதவில்லை; மனித உடல் பிற அழகிய பொருள்களைப் போலவே வரையத்தக்கது என்பதே அவர் கொள்கை. ஆனால் அப்பெண்ணுருவங்களுக்கும் அச்சக் கதைக்கும் என்ன தொடர்பு என்பது அவர் எழுப்பிய வினா. இதனைத் தமிழ்த் திறனாய்வு மொழியில் மெய்ப்பாட்டுப் பிறழ்ச்சி எனலாம். தொல்காப்பியர் உவகையையும் மருட்கையையும் அச்சத்தையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாகவே வைத்துள்ளார். கதை அச்சத்தை எழுப்ப முயலும்போது அட்டை உவகையை எழுப்புமாயின் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஓவியத்தை அதன் பணி கொண்டு அளக்கும் இவ்வினா, நாணம் கொண்டு அளப்பதினும் மேலானது.

ஆயினும் அவ்வினா தவறான முகவரிக்குச் சென்றது என்றே கூறவேண்டும். பிரண்டேஜ் கதையைப் படித்துச் சில கோட்டோவியங்களை வரைந்து கொடுப்பார். அவற்றுள் எதனை அட்டையாக்குவது என முடிவு செய்தவர் ஆசிரியர் ரைட். அட்டையில் இடம்பெறும் ஆசையால் எழுத்தாளருள் சிலர், குறிப்பாக சீபரி குவின், அதற்கேற்ற காட்சியைக் கதையில் வலிந்து புகுத்தினர் என்பதும் பலராலும் சுட்டப்பட்டதே. எதிர்ப்பு மடல்கள் பெருகிய காலத்திலும் இதழ் விற்றது. ஓர் இதழ் முழுவதும் விற்றுத் தீர்ந்ததைப் பிரண்டேஜே முதுமையில் அளித்த நேர்காணலில் நினைவுகூர்ந்துள்ளார். மடலில் ஒன்றும் கடையில் வேறொன்றுமாக இருவகைக் கருத்துகள் வந்தபோது ஆசிரியர் கடைக் கருத்தையே கேட்டார். வறுமையிலேயே நடந்த இதழுக்கு வேறு வழியும் இருந்திருக்காது.

விர்ஜில் ஃபின்லே பெற்ற கருத்துரைகளின் வரலாறு இதற்கு நேர்மாறானது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் 1914இல் பிறந்த அவர் இவ்விதழின் வாசகர். உள்ளே அச்சாகும் படங்கள் தமக்கு நிறைவளிக்காமையால் தாமே சில படங்களை வரைந்து அனுப்பினார். குறை சொல்லும் வாசகன் மடல் எழுதுவதே இயல்பு. இவர் வரைந்தே காட்டினார். நுண்ணிய புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் ஒளியும் நிழலும் அமைத்த அப்படங்கள் சொரசொரப்பான மலிவுத் தாளில் மை பரந்து கறையாகிவிடுமோ என ரைட் ஐயுற்றார். சோதனையாக அச்சிட்டுப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார். 1935 டிசம்பர் இதழில் ஃபின்லேயின் படங்கள் முதன்முதலாக வெளிவந்தன. மடல் பகுதி அவரை உடனே கொண்டாடியது.

பிளாக் எழுதிய ‘முகமற்ற தெய்வம்’ என்னும் கதைக்கு அவர் வரைந்த படம் 1936 மே இதழில் வந்தது. அதனைக் கண்ட லவ்கிராஃப்ட் அப்படத்தைப் பாராட்டிப் பதினான்கடிப் பாடல் ஒன்றை இயற்றினார். இருவருக்கும் கடிதத் தொடர்பு வளர்ந்தது. 1937 மார்ச் 15இல் லவ்கிராஃப்ட் மறைந்தபின் அப்பாடல் அவ்வாண்டு ஜூலை இதழில் அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு உடையில் லவ்கிராஃப்டை ஃபின்லே வரைந்த உருவப்படமும் அதே ஆண்டில் வேறோர் இதழில் வெளிவந்தது. ஓவியம் பெற்ற கருத்துரைக்கு ஓவியத்தாலேயே மறுமொழி கிடைத்த அரிய நிகழ்ச்சி இது. பெரிய வாசகர் கூட்டமுடைய ‘அமெரிக்கன் வீக்லி’ 1938இல் ஃபின்லேயைத் தன்பால் அழைத்துக்கொண்டது. அழைத்தவர் ஆபிரகாம் மெரிட். அவரும் மாயக்கதை எழுத்தாளரே.

அதே 1938 பிரண்டேஜுக்கு வேறுவிதமாக அமைந்தது. இதழ் கைமாறி நியூயார்க் நகருக்குப் பெயர்ந்தது. அந்நகர மேயர் லாகார்டியா கடை இதழ்களின் மீது ஒழுக்கக் கட்டுப்பாட்டை வற்புறுத்தி வந்த காலம் அது. ஆண்டுக்கணக்கில் வாசகர் மடல்கள் செய்ய இயலாததை நகர ஆட்சியின் அழுத்தம் சில திங்களில் செய்து முடித்தது. ஆடையற்ற உருவங்கள் அட்டையிலிருந்து நீங்கின. உடனொரு தொழில் இடையூறும் சேர்ந்தது. சிகாகோவில் ஆசிரியர் மேசைக்கு நேரில் கொண்டுசென்ற பாஸ்டல் ஓவியத்தை இப்போது நெடுந்தொலைவு அனுப்ப வேண்டியிருந்தது. தொட்டாலே கலையும் அவ்வண்ணப்பொடி வழியில் சிதைந்துபோகும் அச்சம் இருந்தது. அவருடைய அட்டைகள் அருகின.

இவற்றிடையே, கண்ணுக்கு இன்பமான அட்டைகளை அச்சந்தரும் அட்டைகளாக மாற்றுவது எவ்வாறு என அவருக்கு யாரேனும் எடுத்துச் சொன்னார்களா எனின், வழக்கின் இரு பக்கத்தாரும் அதனை ஒரு பொருளாகவே கொள்ளவில்லை. காட்சித் தேர்வு, நிழலின் பங்கு, கதையின் எந்தக் கணத்தை வரைவது என்பன போன்ற தொழில்சார் கருத்துரைகளில் ஃபின்லேக்குக் கிடைத்ததில் ஒரு பங்கும் அவருக்கு வாய்க்கவில்லை. வேண்டும், வேண்டா என்னும் இரண்டு சொற்களே அவரைச் சூழ்ந்து ஒலித்தன.

1945 வரை அவ்வப்போது இடம்பெற்ற அவர், மொத்தம் 66 அட்டைகளை வரைந்திருந்தார். இதழ் 1954 செப்டம்பரில் நின்றது. பிரண்டேஜ் தொடர்ந்து வரைந்துகொண்டே இருந்தார். அறிவியல் புனைகதை ஆர்வலர் மாநாடுகளுக்கும் கலைச் சந்தைகளுக்கும் சென்றார். அவ்விடங்களில் அவருடைய மூல ஓவியங்கள் சில களவு போயின. 1976இல் அவர் மறைந்தபோது அவருக்கென நிலையான வருவாய் எதுவும் இருக்கவில்லை.