வெட்டுக்கிளி உண்ண மறுத்த விருந்து

புது தில்லியில் வாழும் தமிழர் பலர் நாள்தோறும் வேப்ப மர நிழலில் நடக்கின்றனர். அம்மரம் தில்லி மண்ணிலேயே ஒரு விஞ்ஞான வரலாற்றுக்கு வித்திட்டது என்பதை நாம் நினைவில் கொள்ளுதல் தகும்.

1962ஆம் ஆண்டில் பாலைவன வெட்டுக்கிளிகள் தில்லிப் பகுதியின் மீது படையெடுத்து வந்தன. அவ்வமயம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியல் அறிஞர் எஸ். பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து நீரில் கலந்து பயிர்களின் மீது தெளித்தனர். வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்தன. ஆனால் உண்ண மறுத்தன. டி.டி.டி. போன்ற மருந்துகள் கோலோச்சிய காலம் அது. அம்மருந்துகளின் தீமையை ரேச்சல் கார்சன் தம் நூலில் உலகுக்கு உரைத்ததும் அதே ஆண்டில்தான்.

வேம்பின் ஆற்றலுக்குக் காரணமான அசாடிராக்டின் என்னும் பொருளை 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். புகழ் வளரவே உரிமைப் போட்டியும் எழுந்தது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அந்நாட்டு வேளாண்மைத் துறைக்கும் உரிமை வழங்கியது. இந்தியாவில் முன்பே வழங்கிய அறிவு அது என்று எதிர்ப்பு எழுந்தது. 2000இல் அவ்வுரிமை ரத்தாயிற்று; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இதற்கிடையே 2004இல் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அறிஞர்கள், வேப்பிலைச் சாற்றைக் கொண்டே வெள்ளி உப்பிலிருந்து வெள்ளியின் நானோ துகள்களை ஆக்கிக் காட்டினர். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பூச்சி ஒழிப்பு அன்று அவர்கள் நோக்கமன்று. ஆயினும், தாவரச் சாற்றால் ஆக்கிய இத்தகைய துகள்கள் பயிர்ப் புழுக்களைக் கொல்வதைப் பின்வந்தோர் ஆய்வுக்கூடங்களில் கண்டனர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் வெயிலில் விரைவில் சிதையும். அது அதன் குறை. ஆனால் மண்ணில் நஞ்சாய்த் தங்காமைக்கும் அதுவே காரணம். வெள்ளியோ சிதைந்து மறைவதில்லை. பயிருக்கு உதவும் மண் நுண்ணுயிர்களையும் அது தாக்கக்கூடும். இலைச் சாற்றில் பிறந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. டி.டி.டி.யை வரவேற்ற அவசரத்தை நாம் மறத்தலாகாது. கொல்லாமலே பயிரைக் காத்த 1962ஆம் ஆண்டுச் சோதனையை அளவுகோலாகக் கொண்டு புதுமையை எடை போடுவோமாக; வயலில் தேறிய பின்னரே அதனை உழவன் கையில் கொடுப்போமாக.